வாப்பாவின் பிஸ்கட் ரின்னும் 38ஆம் இலக்கமும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் முழுதாக வாசியுங்கள். இல்லாதவர்கள் கடைசிப் பகுதியை மட்டும் வாசித்துவிட்டு, வீட்டில் பழைய கசெற் ஏதும் கிடக்கிறதா என்று ஒருக்கால் தேடிப் பாருங்கள்.

இந்த நோன்பில் ஒருநாள், சஹருக்கு எழும்பிய மனைவி என்னைத் தட்டி எழுப்பினா. "என்னவோ எரியிற மணம் வருது." அடுப்படியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு புரண்டு படுத்தேன். இரண்டாவது தரம் தட்டியபோதுதான் எனக்கும் மணந்தது. விறகு மணம் இல்லை, பிளாஸ்ரிக் எரியிற மணம்.

முன் அறை அலுமாரிக்கு மேலே, இன்ரநெற் ரவுட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் மல்ரிபிளக் எரிந்துகொண்டிருந்தது. முதலில் மெயின் சுவிச்சை நிறுத்தினேன். பிள்ளைகளுக்கு வகுப்பில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன், மின்சாரத்தால் பிடித்த நெருப்புக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, முதலில் மின்சாரத்தை நிறுத்து என்று. அது அந்த நேரம் நினைவில் வந்தது பெரிய காரியம். பிறகு நனைத்த சாக்கைப் போட்டு அமத்தினோம். ஐந்து நிமிட வேலை. ஆளுக்குச் சேதம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். சுவர் கறுத்தது. திரைச்சீலை ஒன்று போனது.

ஆனால் மல்ரிபிளக்குக்குப் பக்கத்தில், அதே அலுமாரிக்கு மேலே, வாப்பாவின் கசெற்றுகள் இருந்த பெட்டி இருந்தது. மேல் அடுக்கில் இருந்த ஐந்து கசெற் ஒன்றோடொன்று உருகி ஒட்டி, ஒரே கட்டியாகிவிட்டன.

நான் அந்த இடத்திலேயே நிலத்தில் குந்தி இருந்துவிட்டேன். மனைவி சஹர் முடியப் போகுது, சாப்பிடுங்கோ என்று கூப்பிட்டா. அன்றைக்குத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு நிய்யத்து வைத்தேன்.

ஐந்து கசெற்றுக்கு இவ்வளவா என்று கேட்பீர்கள். அந்தப் பெட்டியின் கதையைச் சொன்னால்தான் விளங்கும்.

வாப்பா பரந்தன் சந்தியில் தையல் கடை வைத்திருந்தார். நாங்கள் குடியிருந்தது இங்கே முரசுமோட்டையில், வாடகை வீடு. கடையின் ஒரு மூலையில் இரட்டை டெக் செற் ஒன்று. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ரெக்கோடிங் பார் வைத்திருந்தவர்கள் பெரிய அளவில் செய்ததை, வாப்பா சின்ன அளவில் செய்தார். நீங்கள் வெற்றுக் கசெற்றும் பாட்டுப் பட்டியலும் கொடுத்தால், இரண்டு நாளில் பதிந்து தருவார். காற்சட்டைக்குக் கீழ்மடிப்புத் தைக்கக் கொடுத்துவிட்டு, பாட்டுக்கும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவருக்கென்று ஒரு தனிச் சேகரிப்பு இருந்தது. அது விற்பனைக்கு இல்லை. அதில் அரைவாசிக்கு மேல் நாகூர் ஈ.எம். ஹனிபா. இலங்கை வானொலி முஸ்லிம் சேவையில் போகிற பாட்டுகளை, ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்து, அறிவிப்பாளர் பேசி முடிக்கும்வரை விரலைப் பொத்தானில் வைத்துக்கொண்டு காத்திருந்து பதிவார். ஹனிபாவுக்கு 'இசைமுரசு' என்று பட்டம். "முரசு இருக்க வேண்டிய இடம் முரசுமோட்டைதானே" என்பது வாப்பாவின் நிரந்தரப் பகிடி. அதைக் கேட்டுச் சிரிக்காத வாடிக்கையாளருக்குத் தையற்கூலி குறையாது என்று உம்மா சொல்லுவா.

ஹனிபாவோடு சீர்காழியும் ரி.எம்.எஸ்ஸும் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்காகப் பதிந்த முருகன் பாட்டுகள், நாதஸ்வரக் கச்சேரிகள், கூத்துப் பாட்டு எல்லாம் அதற்குள் இருந்தன. மொத்தம் 64 கசெற். ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு, என்னென்ன பாட்டு, எந்தப் பக்கம் என்று ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருந்தார்.

1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டது உங்கள் எல்லோருக்கும் தெரியும். எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட சனம். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் இங்கே திரும்ப எழுதவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. எனக்கு நினைவில் நிற்பது ஒரு காட்சிதான். உம்மா உடுப்பு மடிக்கிறா. வாப்பா இரண்டு பெரிய பிஸ்கட் ரின்னைத் தூக்கிக்கொண்டு வேலியைக் கடந்து பக்கத்து வீட்டுக்குப் போகிறார். நான் பின்னாலே போகிறேன்.

பக்கத்து வீட்டு மாமி கேட்டா: "நானா, தையல் மெசினைத் தாங்கோ, வைச்சிருக்கிறன். இது என்னத்துக்கு?"

வாப்பா சொன்னார்: "மெசின் திரும்ப வாங்கலாம் தங்கச்சி."

அவ்வளவுதான் பேச்சு. கொப்பி வாப்பாவின் சட்டைப் பைக்குள்ளே இருந்தபடியால் எங்களோடு புத்தளம் வந்தது. கசெற் முரசுமோட்டையில், பட்டியல் புத்தளத்தில்.

புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்தில், வாப்பா சில இரவுகளில் அந்தக் கொப்பியை விரித்து வைத்து, இலக்கம் இலக்கமாக வாசிப்பார். 7ஆம் இலக்கம், ஏ பக்கம், மூன்றாவது பாட்டு. வாசித்துவிட்டு அந்தப் பாட்டை மெதுவாக முணுமுணுப்பார். நாங்கள் அப்படியே நித்திரையாவோம். 2004இல் வாப்பா மௌத்தானார். கொப்பி என்னிடம் வந்தது.

நான் ஆசிரியராகி, 2013இல் இந்தப் பக்கம் மாற்றலாகி வந்தேன். வந்த கிழமையே மாமியைத் தேடிப் போனேன். அதே வளவு, ஆனால் புது வீட்டுத்திட்ட வீடு. மாமிக்குத் தலை முழுதும் நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. வாப்பாவின் பெயரைச் சொன்னேன். ஒரு நிமிடம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு ஒன்றும் பேசாமல் உள்ளே போய், துரு ஏறின பிஸ்கட் ரின் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் வைத்தா.

"நானா எங்க?" என்று பிறகுதான் கேட்டா.

அந்த ரின்கள் எப்படித் தப்பின என்று மாமி சொன்னதை அப்படியே சொல்கிறேன். 1996இல் ஆமி பரந்தன், கிளிநொச்சிப் பக்கம் வந்தபோது சனம் எல்லாம் வெளிக்கிட்டது. மாமியின் புருசன் மாட்டுக்கொட்டில் மேட்டில் கிடங்கு வெட்டினார். ரின் மூடியின் விளிம்பைச் சுற்றி மெழுகுதிரியை உருக்கி ஊற்றினார்கள். உள்ளே ஈரம் இழுக்க இரண்டு சுண்டு வறுத்த அரிசியைச் சீலையில் முடிந்து போட்டார்கள். பிறகு பொலித்தீன், அதற்கு மேலே உரப்பை. புதைத்துவிட்டுத் தருமபுரம் பக்கம் போனார்கள். வருசக்கணக்கில் மண்ணுக்குள்ளே இருந்தது. திரும்பி வந்து கிண்டி எடுத்தார்கள்.

2008 மார்கழியில் இரண்டாந்தரம். இந்த முறை மெழுகுதிரி இல்லை. ஒரு ரின்னுக்குத்தான் நல்ல பொலித்தீன் இருந்தது. விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, முள்ளிவாய்க்கால், பிறகு மெனிக் பாம். 2010இல் திரும்பி வந்தபோது வீடு இல்லை, மரங்கள் இல்லை, கிணற்றை வைத்துத்தான் வளவையே அடையாளம் கண்டதாகச் சொன்னா. கிணற்றிலிருந்து அடி எண்ணிப் போய் வெட்டினார்களாம். நல்ல பொலித்தீன் சுற்றின ரின்னில் இருந்த 32 கசெற்றும் தப்பின. மற்றதற்குள் தண்ணீர் போய், 15தான் மிஞ்சின. ஆக 47.

அந்தப் பயணத்தில் மாமி புருசனை இழந்தா. மூத்த மகனை 2009 மே மாதம் வட்டுவாகலில் கடைசியாகக் கண்டா. அதற்குப் பிறகு தகவல் இல்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் தாய்மார் போராட்டம் தொடங்கினபோது, மகனின் படத்தோடு மாமியும் போய் இருந்தா. படத்தை நீங்களும் கண்டிருப்பீர்கள். பெயரை எழுத வேண்டாம் என்று மாமி சொன்னா, எழுதவில்லை. மற்றதெல்லாம் அவவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

சொந்தப் பிள்ளையின் பொருள் ஒன்றும் மிஞ்சாத வளவில், பக்கத்து வீட்டு முஸ்லிம் மனுசன்ர பாட்டுக் கசெற்றை இரண்டு தரம் புதைத்து, இரண்டு தரம் கிண்டியெடுத்து, 23 வருசம் வைத்திருந்தா. நான் அதை வாங்கிக்கொண்டு வந்து என்ன செய்தேன்?

அலுமாரிக்கு மேலே வைத்தேன். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கேட்பதற்குச் செற் இல்லை என்பது ஒரு சாட்டு. செற் கிடைத்தால் வார் இல்லை என்பது அடுத்த சாட்டு. இந்தப் பாட்டெல்லாம் யூரியூப்பில் இருக்கிறதுதானே என்பது மூன்றாவது சாட்டு. 2018 டிசெம்பரில் இரணைமடு வான்கதவு திறந்து நம்முடைய கண்டாவளைப் பக்கமெல்லாம் வெள்ளம் ஏறியபோது, பெட்டி மேலே இருந்ததால் நனையவில்லை. "பார்த்தாயா, மேலே வைத்தது எவ்வளவு நல்லது" என்று மனைவியிடம் பெருமை பேசினேன்.

வெள்ளம் கீழேயிருந்து வரும். சூடு மேலே ஏறும். விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு இது தெரியாமலா? தண்ணீருக்குப் பயந்து வைத்த இடத்திலேயே நெருப்புக்குக் கொடுத்தேன்.

எரிந்த மறுநாள் கணக்குப் பார்த்தேன். 42 மிச்சம். அன்றைக்குத்தான் உறைத்தது, இவ்வளவு காலமும் நான் பெட்டியைத்தான் பாதுகாத்தேன், உள்ளே இருக்கிற சத்தத்தைப் பாதுகாக்கவில்லை என்று.

பாதுகாப்பான இடம் என்று ஒன்று இல்லை. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் போயின. கல்லுக் கட்டிடம், நகரத்தின் நடுவில். வேறு இடத்தில் பிரதி இருந்த நூலைத் திரும்ப வாங்கலாம். ஒரே ஒரு பிரதியாக இருந்த ஏடு போனது போனதுதான். 2008 ஜூன் 1இல் அமெரிக்காவில் யுனிவர்சல் ஸ்ரூடியோ வளாகத்தில் தீப்பிடித்தது. கூரை வேலைக்குச் சூடாக்கும் கருவி பாவித்ததில் தொடங்கியது. அன்றைக்கு வெளியே பேசப்பட்டது படச்சுருள்களைப் பற்றித்தான். 11 வருசத்துக்குப் பிறகு, 2019இல், நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை அங்கே இசைக் கம்பனியின் மூல ஒலிநாடாக்களும் இலட்சத்துக்கு மேல் எரிந்தன என்று கம்பனியின் உள் ஆவணங்களை வைத்து எழுதியது. அவ்வளவு இல்லை என்று கம்பனி மறுத்தது. எத்தனை என்று சண்டை பிடிக்கட்டும். பணம், காவல், தீயணைப்பு எல்லாம் இருக்கிற இடத்திலேயே அப்படியென்றால், என்னுடைய அலுமாரி எம்மாத்திரம்?

எங்கள் மார்க்கத்தில் இதற்கு நல்ல படிப்பினை இருக்கிறது. யமாமாப் போரில் குர்ஆனை மனனம் செய்த பலர் ஷஹீதானபோது, அபூபக்கர் (ரழி) அவர்கள் அதை ஒன்றாகத் திரட்டி எழுத வைத்தார்கள். பிறகு உதுமான் (ரழி) அவர்கள் பிரதிகள் எடுத்துப் பல நகரங்களுக்கு அனுப்பினார்கள். நெஞ்சில் ஒன்று, எழுத்தில் ஒன்று, வேறு வேறு ஊரில் ஒன்று. இன்றைக்குக் கொம்பியூட்டர்காரர் மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்று விதி சொல்கிறார்கள். வேத நூலோடு பாட்டுக் கசெற்றை ஒப்பிடுவதாக யாரும் எடுக்க வேண்டாம். பாதுகாக்கும் முறையைச் சொல்கிறேன். பாட்டுக் கேட்கலாமா கூடாதா என்று கொமென்ற்றில் தொடங்க வேண்டாம் என்றும் தாழ்மையாகக் கேட்டுக்கொள்கிறேன். அதை இன்னொரு நாள் கதைப்போம்.

இனி 38ஆம் இலக்கத்துக்கு வருகிறேன்.

கிளிநொச்சியில் பழைய செற் திருத்துகிற ஒரு ஐயாவிடம் டெக் ஒன்றைத் திருத்தி வாங்கினேன். புது வார் போட்டு, ஹெட்டைத் துடைத்துத் தந்தார். தரும்போது ஒரு புத்தி சொன்னார்: "சேர், முதல்ல நல்ல கசெற்றைப் போட்டிடாதேங்கோ. செற் நாடாவைத் தின்னும். ஒண்டுக்கும் உதவாத கசெற் ஒண்டைப் போட்டு ஓட விட்டுப் பாருங்கோ."

ஒன்றுக்கும் உதவாத கசெற் என்னிடம் இருந்தது. வாப்பாவின் கொப்பியில் 38ஆம் இலக்கத்துக்கு நேரே "வெறும்" என்று ஒரே ஒரு சொல். மற்ற 63க்கும் பாட்டுப் பெயர்கள், அதற்கு மட்டும் இப்படி. வெற்றுக் கசெற்தானே என்று, பாடசாலைக் கைவேலைக்கு ஏதாவது செய் என்று மகளிடம் எப்போதோ கொடுத்திருந்தேன். நாடாவை இழுத்து வெட்டிப் பூப் போலச் செய்யலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தா. பிள்ளை சோம்பலில் செய்யவில்லை. அவளுடைய மேசை லாச்சியில் கிடந்தது. அதனால்தான் நெருப்பிலும் அகப்படவில்லை.

அதைப் போட்டேன். இரைச்சல் மட்டும். சரி, செற் ஓடுகிறது என்று நிறுத்தப் போனேன். திடீரென்று ஒரு ஹனிபா பாட்டு, ஆனால் வேகமாக, கீச்சுக் குரலில். பாட்டு முடிந்தது. பிறகு ஒரு சின்னப் பிள்ளையின் குரல், வானொலி அறிவிப்பாளர் மாதிரி:

"நேயர்களே, இது முரசுமோட்டை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம். அடுத்த பாடலை விரும்பிக் கேட்டிருப்பவர்கள்..."

என்று தொடங்கி, ஒழுங்கையில் இருந்த எல்லார் பெயரும் வருகிறது. வாப்பாவின் பெயர், உம்மாவின் பெயர், என் பெயர், எங்கள் ஆட்டின் பெயர். பின்னாலே ஒரு பொம்பிளைக் குரல் ஏசுகிறது: "எடேய், நானான்ர பற்றறியை முடிக்காதையடா!" அதற்கு அந்தப் பிள்ளை, அதே அறிவிப்பாளர் குரலில்: "நேயர்களே, சிறு தடங்கலுக்கு வருந்துகிறோம்." பிறகு சிரிப்பு. பிறகு இரைச்சல்.

மொத்தம் நான்கு நிமிடம்கூட இல்லை.

எனக்கு உடனே விளங்கவில்லை. ஒழுங்கையில் அவ்வளவு சின்னப் பிள்ளை அப்போது யார் இருந்தது? பிறகுதான் யோசித்தேன். 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு கரண்ட் இல்லை, பற்றறி தட்டுப்பாடு. முடிந்த பற்றறியை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுவோம். பற்றறி தளர்ந்தால் மோட்டர் மெதுவாகச் சுற்றும். மெதுவாக ஓடிய நாடாவில் பதிந்ததை இன்றைக்கு நல்ல கரண்டில் போட்டால் வேகமாக ஓடும், குரல் கீச்சிடும். அது சின்னப் பிள்ளை இல்லை. மாமியின் மூத்த மகன். அப்போது அவருக்குப் பதினாலு வயது. பின்னேரங்களில் வாப்பாவுக்குக் கடையில் உதவிக்கு வருவார். வாப்பாவுக்குத் தெரியாமல் வெற்றுக் கசெற் ஒன்றில் விளையாடியிருக்கிறார். வாப்பா கடைசிவரை அதை வெறும் கசெற் என்றே நினைத்திருந்தார்.

அந்தக் குரலை அப்படியே கொண்டு போய்த் தாய்க்குப் போட்டுக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. முதலில் வேகத்தைச் சரிசெய்ய வேண்டும். எவ்வளவு மெதுவாக்குவது? அதற்கு அந்த ஹனிபா பாட்டே உதவியது. அதே பாட்டு இணையத்தில் 250 செக்கன் ஓடுகிறது. இந்தக் கசெற்றில் 208 செக்கன். 208ஐ 250ஆல் பிரித்தால் 0.83. லப்ரொப்பில் ஒடாசிற்றி என்ற இலவச மென்பொருளில் வேகத்தை 83 வீதமாகக் குறைத்தேன். ஹனிபாவின் குரல் தன் கம்பீரத்துக்கு வந்தது. அதற்குப் பின்னாலே வந்த குரல், மீசை அரும்பும் வயதில் உடையத் தொடங்கிய ஒரு பெடியனின் குரல்.

இரண்டு நாள் வைத்துக்கொண்டு யோசித்தேன். கேட்கப் போட்டால் மாமி தாங்குவாவா? போடாமல் விட எனக்கு என்ன உரிமை? மூன்றாம் நாள் பின்னேரம் போனேன். முன்னமே சொல்லிவிட்டுத்தான் போட்டேன், இன்ன ஆளின் குரல், கேட்க விருப்பமா என்று. மாமி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்தா. "போடு மோனே."

தன்னுடைய ஏச்சுக் குரல் வந்த இடத்தில் மாமி முதலில் சிரித்தா. "அது நான்தானே? என்ன குரலடா அது, காகம் மாதிரி." பிறகு "சிறு தடங்கலுக்கு வருந்துகிறோம்" வந்தது. சிரிப்பு நின்றது. முடிந்த பிறகும் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு இருந்தா. அழவில்லை.

"இன்னொருக்காப் போடு."

ஆறு தரம் போட்டேன். பிறகு எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தா. நோன்பு என்று நினைவு வந்து, தேத்தண்ணியை மூடி வைத்துவிட்டு, "துறக்கிற நேரம் மட்டும் இரு" என்றா. இருந்தேன்.

போகும்போது பென்டிரைவில் ஒரு பிரதி கொடுத்தேன். வாங்கவில்லை. "என்னட்டை இருந்தா எங்கையும் விட்டிடுவன். நீ வைச்சிரு. நான் உங்கட வாப்பான்ர பெட்டியை வைச்சிருந்தனான்தானே. இப்ப நீ என்ர பிள்ளையின்ர குரலை வைச்சிரு."

இதைச் சுமந்துகொண்டு ஒழுங்கையால் நடந்து வந்தேன். என்னால் அலுமாரிக்கு மேலே இனி ஒன்றையும் வைக்க முடியாது.

இப்போது அந்தக் குரல் நான்கு இடத்தில் இருக்கிறது. என் லப்ரொப்பில், பாடசாலை அலுவலுக்கு வைத்திருக்கும் வெளி ஹாட்டிஸ்கில், புத்தளத்தில் ராத்தா வீட்டில் ஒரு பென்டிரைவில், வெளிநாட்டில் இருக்கும் மாமியின் மகளிடம். இணையத்தில் போடவில்லை, போடவும் மாட்டேன். பாதுகாப்பது வேறு, பரப்புவது வேறு. மற்ற கசெற்றுகளில் இதுவரை 31 பதிவாகிவிட்டன.

செய்து பழகியதில் தெரிந்த சில விசயங்கள், உங்களுக்கும் உதவும்:

கசெற்றில் இருப்பது மெல்லிய பொலியெஸ்ரர் நாடா, அதன் மேல் இரும்பு ஒட்சைட்டுப் பூச்சு. காந்தம் அழிய நூற்றுக்கணக்கான பாகை வெப்பம் வேண்டும். ஆனால் அதற்கு எவ்வளவோ முன்னம், தண்ணீர் கொதிக்கிற அளவு வெப்பத்திலேயே கூடு இளகி நாடா சுருங்கிவிடும். நெருப்புப் படாமல் சூடு மட்டும் பட்டாலே போதும். கடையில் விற்கும் தீக்காப்புப் பெட்டியை நம்பி வைக்காதீர்கள். காகிதத்துக்கென்று செய்த பெட்டிக்குள்ளே 177 பாகை செல்சியஸ்வரை போகலாம், கடுதாசி தாங்கும். நாடாவுக்கு 66 பாகைக்கு மேல் போகாத தரம் வேண்டும். அது நம் கைக்கு எட்டாத விலை. எனவே பெட்டியை விடப் பிரதிதான் மலிவு.

வைக்கும் இடம்: நிலத்தில் வேண்டாம், வெள்ளம். அலுமாரி உச்சியில் வேண்டாம், சூடு. நடுத்தட்டில், நிமிர்த்தி வையுங்கள். மல்ரிபிளக், சார்ஜர், நுளம்புச்சுருள், குத்துவிளக்கு எதுவும் கிட்ட இருக்கக் கூடாது. ஸ்பீக்கருக்குப் பக்கத்திலும் வேண்டாம், உள்ளே காந்தம் இருக்கிறது.

கசெற்றின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்ரிக் தட்டு இருக்கும். அவற்றை உடைத்துவிடுங்கள். பிறகு தவறிப் பதிவுப் பொத்தானை அமத்தினாலும் மேலே பதியாது.

போட முன்னம் பூஞ்சணம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் போடாதீர்கள், செற்றும் கெடும், நாடாவும் கெடும். இல்லாவிட்டால் ஒருதரம் முழுதாக முன்னுக்கும் பின்னுக்கும் சுற்றிவிட்டுப் போடுங்கள். முதல் தரம் போடும்போதே பதிவையும் தொடங்குங்கள். சில நாடாக்களுக்கு இரண்டாம் தரம் கிடையாது.

பட்டியல் எழுதி வேறு இடத்தில் வையுங்கள். எரிந்த ஐந்தில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றைக்குத் தெரிவது வாப்பாவின் கொப்பியால்தான். அதில் நான்கின் பாட்டுகளைத் தேடிப் பிடித்துவிடலாம். ஐந்தாவது, எங்கள் மூத்தம்மா பாடிய தாலாட்டு. அது இனி இல்லை. மூத்தம்மாவும் இல்லை. பதின்மூன்று வருசம் என் தலைக்கு மேலே இருந்தது. ஒருநாள்கூட நான் போட்டுக் கேட்கவில்லை.

"வெறும்" என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். இரண்டு பக்கமும் கடைசிவரை ஓடவிட்டுக் கேளுங்கள்.

ஊரின் பழைய ஒலிப்பதிவுகள், கோயில் திருவிழா, பள்ளிக் கந்தூரி, கூத்து, பேச்சு, பாடசாலை விழா என்று இருந்தால், நூலக நிறுவனத்தார் 2005இலிருந்து நூல்களை இணையத்தில் சேர்த்து வருகிறார்கள். ஒலி, படங்களுக்கு அவர்களுடைய 'ஆவணகம்' இருக்கிறது. வீட்டுக் குரல்கள் வீட்டோடு இருக்கட்டும். ஊருக்குப் பொதுவானதை அங்கே சேர்க்கலாம்.

கடைசியாக ஒன்று. டெக் என் வீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு மஃரிபுவரை வீட்டில்தான் இருப்பேன். யாரிடமாவது கசெற் இருந்தால் கொண்டு வாருங்கள், பதிந்து தருகிறேன். காசு வேண்டாம், பென்டிரைவ் ஒன்று மட்டும் கொண்டு வாருங்கள். முடிந்தால் இரண்டு கொண்டு வாருங்கள். ஒன்று உங்களுக்கு, மற்றது வேறு ஊரில் இருக்கும் உங்கள் சொந்தக்காரருக்கு.

வாப்பாவுக்காகவும் மூத்தம்மாவுக்காகவும் துஆச் செய்யுங்கள். மாமியின் மகனுக்காக, அவரவர் வணங்கும் முறையில், ஒருதரம் நினைத்துக்கொள்ளுங்கள்.